தமிழ் எடிட்டருக்குச் சொல்முடிப்பு அமைப்பது எப்படி: அச்சுக்கடையில் பட்ட பாட்டிலிருந்து

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் அச்சுக்கடைக்கு வரும் வேலையில் பாதிக்குமேல் தமிழ்தான். கோயில் திருவிழா அறிக்கை, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்ட அழைப்பு, கருமக்கிரியை அட்டை, கூட்டுறவுக் கழகத்தின் ஆண்டறிக்கை. "தோட்டம்", "தொழிலாளர்", "நிர்வாகத்தினர்", "அன்புடன் அழைக்கிறோம்" என்று ஒரே சொற்களை நாள் முழுக்கத் தட்டுகிறோம். முதல் இரண்டு எழுத்தைத் தட்டியதும் மீதியை எடிட்டரே எடுத்துக் கொடுத்தால் கைவலி குறையுமே என்று சொல்முடிப்பு அமைக்க உட்கார்ந்தேன். நான்கு மாதம் ஓடிவிட்டது.

நிரல் எழுதுவது கடினமாக இல்லை. எதையெல்லாம் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை, அதுதான் இழுத்தது. நீங்களும் அந்த நான்கு மாதத்தைக் கொடுக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பைத்தானோ ஜாவாஸ்கிரிப்டோ ஓரளவு தெரிந்திருந்தால் போதும். மாலையில் மட்டும் உட்கார்ந்தாலும் ஐந்து வாரத்தில் முடித்துவிடலாம்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஆவணங்கள். உங்களிடமோ உங்கள் சங்கத்திடமோ இருக்கும் கடைசி மூன்று ஆண்டுத் தமிழ்க் கோப்புகள்: கூட்டக் குறிப்பு, சுற்றறிக்கை, அழைப்பிதழ், கணக்கறிக்கை. அவை பிறருடையவை என்றால், "சொற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறோம், வாக்கியங்களையும் பெயர்களையும் அல்ல" என்று எழுதி ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஒரு பக்கக் கடிதம் போதும். பின்னால் யாராவது கேட்டால் காட்டுவதற்கு இருக்கும்.

செலவு அதிகமில்லை. விஎஸ் கோடு, விம், ஈமாக்ஸ் என்ற எடிட்டர்கள் மூன்றும் இலவசம். கடையில் இருந்த 4 ஜிபி நினைவகப் பழைய மடிக்கணினியே எனக்குப் போதுமாக இருந்தது. தாளில் மட்டும் இருந்த பழைய அறிக்கைகளைத் தட்டச்சு செய்ய, எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த ஒரு பெண்ணுக்கு 250 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். அதைத் தவிர ஆன செலவு வீணான தாளுக்கு 60 வெள்ளி. அது ஏன் வீணானது என்பதை 5ஆம் படியில் சொல்கிறேன்.

நேரம்: சொல் சேர்க்க இரண்டு வாரம், சுத்தம் செய்ய ஒரு வாரம், நிரலுக்கு ஒரு வாரம், பழகிப் பார்க்க ஒரு வாரம். சுத்தம் செய்யும் வாரத்தைக் குறைக்க நினைக்காதீர்கள்.

2. சொற்களை உங்கள் ஊரிலிருந்தே எடுங்கள்

இணையத்தில் கிடைக்கும் தமிழ்ச் சொற்பட்டியலை இறக்கிப் போட்டுக்கொள்ளத்தான் முதலில் தோன்றும். நானும் அப்படித்தான் செய்தேன். பெரும்பாலும் அவை தமிழ்நாட்டுப் பத்திரிகை, கட்டுரை வழியாகச் சேர்ந்தவை. செம்பனை, பால்மரம், மண்டோர், பெரட்டு, டத்தோ, பேராக், பாசார் மாலாம் என்று நாம் நாள்தோறும் எழுதுபவை அதில் இல்லை, அல்லது அடியில் கிடக்கும். "வெள்ளி" என்று தட்டினால் "வெள்ளிக்கிழமை"தான் முதலில் வரும். நமக்கோ "வெள்ளி 50 நன்கொடை" என்ற வெள்ளி வேண்டும். அதே பட்டியலில் நாம் ஒருநாளும் எழுதாத சொற்கள் ஆயிரக்கணக்கில் வந்து வழியை மறிக்கும்.

ஆகவே உங்கள் கோப்புகளிலிருந்தே சொற்களைப் பிரித்து, ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். மூன்று முறைக்குக் குறைவாக வந்ததை முதல் சுற்றில் விட்டுவிடுங்கள். அதில் பாதி எழுத்துப் பிழை. எங்களுக்கு மிஞ்சியது ஏறக்குறைய 9,000 சொல். கேட்பதற்குச் சிறிய எண்தான், ஆனால் கடைக்கு வரும் எந்த அறிக்கைக்கும் அது தாராளம்.

இங்கே இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று, பழைய எழுத்துரு. யூனிகோடுக்கு (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) முந்தைய கோப்பைத் திறந்தால் ரோமன் எழுத்தும் குறிகளுமாகக் கலைந்து தெரியும். அதை மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிய பிறகே எண்ணத் தொடங்க வேண்டும். எந்த எழுத்துருவில் தட்டப்பட்டது என்று தெரியாமல் மாற்றினால் பாதி எழுத்து தவறாக வரும். முதலில் ஒரே ஒரு பக்கத்தை மாற்றிப் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது இன்னும் முக்கியம். கூட்டக் குறிப்பிலும் நன்கொடைப் பட்டியலிலும் ஆட்களின் பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி எண் எல்லாம் இருக்கும். அவை அப்படியே பட்டியலில் ஏறிவிட்டால், நாளை வேறு ஒருவர் அழைப்பிதழ் தட்டும்போது யாரோ ஒரு தோட்டத்துக்காரரின் பெயர் திரையில் எழும். அடையாள அட்டை எண் 12 இலக்கம், அதில் முதல் ஆறு அவர் பிறந்த தேதி. இலக்கம் உள்ள எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். பெயர்களைக் கண்ணால் பார்த்துத்தான் நீக்க வேண்டும், வேறு குறுக்குவழி இல்லை. மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நம்பிக் கொடுத்தவர்களின் விவரம் அது.

3. பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள்

பைத்தானில் சொல் பிரிக்க எல்லாரும் போடும் "டபிள்யூ" குறி (\w) தமிழுக்கு ஆகாது. பைத்தானோடு வரும் வழக்கமான நூலகம் துணைக்கால், கொம்பு, புள்ளி எதையும் எழுத்தாகக் கணக்கெடுப்பதில்லை. "தோட்டம்" என்று கொடுத்தால் "த", "ட", "டம" என்று மூன்று துண்டு திரும்பி வரும். என் முதல் பட்டியலில் உச்சியில் நின்றவை எல்லாம் ஒற்றை எழுத்துகள். ஏன் என்று புரிய மூன்று நாள் ஆனது. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய பகுதி 128 இடம். அதன் முதல் இடத்தையும் கடைசி இடத்தையும் எல்லையாகக் கொடுத்து, இடையில் வருவதெல்லாம் சொல்லின் பகுதி என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அதற்கு முன் கண்ணுக்குத் தெரியாத அகலமில்லாக் குறிகளை நீக்குங்கள். பழைய கோப்புகளில் "க்ஷ" போன்ற இடங்களில் அவை ஒளிந்திருக்கும்.

அடுத்து, ஒரே மாதிரி தெரிந்தும் உள்ளே வேறாக இருக்கும் எழுத்துகள். "கொ" என்பதை ககரமும் ஒரே ஒகரக் குறியுமாகவும் வைக்கலாம். ககரம், கொம்பு, துணைக்கால் என்று மூன்றாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. தேடினால் மட்டும் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. என்எஃப்சி என்ற ஒழுங்குபடுத்தலை ஒருமுறை ஓட்டினால் இது சரியாகும். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் அது ஒரு வரி வேலை. பட்டியலுக்குச் செய்வதைத் தட்டுகிற எழுத்துக்கும் செய்ய மறக்காதீர்கள்.

ஔகாரம்தான் தொல்லை. "கௌரவம்" என்பதைப் பலர் கொம்பும் ளகரமுமாகத் தட்டியிருப்பார்கள். அதை என்எஃப்சி தொடாது. "கொம்புக்குப் பின் ளகரம் வந்தால் ஔகாரமாக்கு" என்று பொதுவிதி எழுதிவிடாதீர்கள், "வெள்ளி", "தெளிவு", "தெள்ளத்தெளிவு" எல்லாம் கெட்டுப்போகும். கௌரவம், மௌனம், பௌர்ணமி, ஔவையார், சௌகரியம் என்று ஒரு சிறு பட்டியல் வைத்து அவற்றை மட்டும் திருத்துங்கள். எங்களுக்கு 30 சொல்லுக்குள் அடங்கிவிட்டது.

4. எதை எதோடு ஒப்பிடுவது

இந்தப் படியை நிதானமாகப் படியுங்கள். தமிழ்ச் சொல்முடிப்பு உருப்படுவதும் கெடுவதும் இங்கேதான்.

"தொழிலாளர்" என்று தட்ட வேண்டும். அஞ்சல் விசைமுறையில் (ஆங்கில எழுத்தின் ஒலிப்பை வைத்துத் தட்டும் முறை) தட்டுபவர் லகர மெய்யைத் தட்டியதும் திரையில் "தொழில்" என்று புள்ளியோடு நிற்கும். அடுத்து ஆகாரம் தட்டிய பிறகே அது "தொழிலா" ஆகும். தமிழ்99 விசைமுறையில் (தமிழ் எழுத்துக்கே தனி விசை உள்ள முறை) தட்டுபவருக்கு அதே இடத்தில் "தொழில" என்று புள்ளி இல்லாமல் நிற்கும். இருவரும் ஒரே சொல்லை நோக்கித்தான் போகிறார்கள். உங்கள் நிரல் குறியீடு குறியீடாக (ககரம், ஒகரக் குறி, புள்ளி போன்ற ஒவ்வொன்றும் யூனிகோடில் தனிக் குறியீடு) ஒப்பிட்டால் தமிழ்99காரருக்குப் பட்டியல் வரும். அஞ்சல்காரருக்கு "தொழிலாளர்" அந்த நொடியில் மறைந்துவிட்டு அடுத்த விசைக்குத் திரும்பி வரும். பட்டியல் இப்படிக் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தால் யாரும் அதை நம்ப மாட்டார்கள். முழு எழுத்தாக ஒப்பிட்டாலோ "ல" வேறு, "லா" வேறு என்று இருவருக்குமே வராது.

நான் வந்து சேர்ந்த விதி இது: தட்டியதன் கடைசியில் புள்ளி இருந்தால் அதை எடுத்துவிட்டு, மீதியைக் குறியீடு குறியீடாகச் சொல்லின் தொடக்கத்தோடு ஒப்பிட வேண்டும். இரு விசைமுறைக்கும் பட்டியல் நிலையாக நிற்கும்.

இந்த விதிக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. "கூட்டம்" என்று முழுச் சொல்லையே தட்டி முடித்தாலும், புள்ளியை எடுத்தால் "கூட்டம" ஆகிவிடும். அதோடு "கூட்டமைப்பு" பொருந்தும். எனவே தட்டிய சொல் அப்படியே பட்டியலில் இருந்தால் அதையே முதலில் வையுங்கள். இதை நான் செய்யாமல் விட்டேன்.

பட்டியலை எப்போது திறப்பது? "மூன்று எழுத்துக்குப் பிறகு" என்று வைக்கச் சொல்வார்கள். கணினி எண்ணுவது நம் எழுத்தை அல்ல. "தொழிலாளர்" நம் கணக்கில் 5 எழுத்து, யூனிகோடு கணக்கில் 9 குறியீடு, யூடிஎஃப்-8 கோப்பில் 27 பைட். குறியீட்டை எண்ணினால் இரண்டாம் எழுத்திலேயே பட்டியல் குதித்துவிடும். முழு எழுத்தாக எண்ணி, இரண்டு எழுத்து முடிந்ததும் திறக்கச் செய்யுங்கள். ஒப்பிடுவது குறியீட்டால், எண்ணுவது எழுத்தால்.

5. எந்த விசை எதைச் செய்யும் என்று தாளில் எழுதுங்கள்

நிரல் எழுதுமுன் செய்ய வேண்டிய வேலை இது. கடையில் இருபது ஆண்டாகத் தட்டச்சு செய்யும் அக்கா ஒரு பள்ளிக்கு அழைப்பு தட்டினார். "பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம்" என்று தட்டி வரியை முடிக்க எண்டரை அழுத்தினார். அந்த நேரத்தில் பட்டியல் திறந்திருந்தது. அதன் முதல் வரி தானாகவே தேர்வாகியிருந்தது. எண்டர் அதை ஏற்றுக்கொண்டது. "ஆண்டுக் கூட்டமைப்பு" என்று 300 தாள் அச்சானது. தாளுக்கு 20 சென் வைத்து 60 வெள்ளி. "தம்பி, நான் கூட்டம்னுதான் தட்டுனேன்" என்றார் அக்கா. உண்மைதான். அவர் விரல் சரியாகத்தான் தட்டியது. நான் அமைத்தது அவர் தட்டியதை மாற்றிவிட்டது.

அன்று மாலை ஒரு ஏ4 தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம்:

எண்டர் எப்போதும் அடுத்த வரிதான். பட்டியல் திறந்திருந்தாலும் அப்படியே.
இடைவெளி விசையும் நிறுத்தக்குறிகளும் எதையும் ஏற்காது.
டேப் மட்டுமே ஏற்கும்.
எஸ்கேப் பட்டியலை மூடும். அந்தச் சொல் முடியும்வரை அது மறுபடி திறக்காது.
ஏற்றுக்கொண்ட பின் ஒருமுறை "அன்டு" செய்தால், கையால் தட்டியது அப்படியே திரும்ப வர வேண்டும்.

மேல் கீழ் அம்புக்குறி பற்றி எங்களுக்குள் வாக்குவாதமே நடந்தது. பட்டியலில் இறங்க அம்புக்குறி வசதிதான். ஆனால் தட்டச்சுப் பழகியவர்கள் வரி மாறவே அதை அழுத்துவார்கள். கடைசியில் பட்டியலுக்குக் கன்ட்ரோலோடு வேறு விசை வைத்து, அம்புக்குறியை வரிக்கே விட்டுவிட்டோம். உங்கள் ஆட்கள் எப்படித் தட்டுகிறார்கள் என்று அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சொல்லை ஏற்றதும் தானாக ஓர் இடைவெளி போடும் பழக்கம் கைப்பேசியில் உண்டு. எடிட்டரில் வேண்டாம். நம் மொழியில் சொல்லோடு வேற்றுமை ஒட்ட வேண்டும், வல்லினம் மிக வேண்டும். "தமிழ்" என்று ஏற்றதும் இடைவெளி விழுந்தால், "தமிழ்ப் பள்ளி" எழுத முதலில் அதை அழிக்க வேண்டும். மிச்சப்படுத்திய விசை அங்கேயே போய்விடும்.

வேற்றுமைக்காகவே இன்னொரு ஏற்பாடும் செய்தோம். தோட்டம், தோட்டத்தில், தோட்டத்திற்கு, தோட்டத் தொழிலாளர் என்று ஒரு சொல்லின் பல வடிவம் பட்டியலை நிறைத்துவிடும். டேப்பை ஒருமுறை அழுத்தினால் எல்லாவற்றுக்கும் பொதுவான தொடக்கம் மட்டும் நிரம்பும். மறுமுறை அழுத்தினால் முதல் சொல் நிரம்பும். பொதுவான பகுதியை எழுத்தின் நடுவில் வெட்டிவிடாதீர்கள். கூட்டம், கூட்டுறவு இரண்டுக்கும் குறியீட்டுக் கணக்கில் பொதுவானது "கூட்ட". அதை நிரப்பிவிட்டால், ஒலிப்புமுறையில் தட்டுபவர் அடுத்து உகரம் தட்டும்போது "கூட்டஉ" என்று உடைந்து நிற்கக்கூடும். முழு எழுத்தாக வெட்டினால் "கூட்". அங்கிருந்து எல்லாருக்கும் வழி உண்டு.

6. பட்டியலின் தோற்றமும் வேகமும்

ஐந்து சொல்லுக்கு மேல் காட்டாதீர்கள். ஆறாவதைக் கண் தேடும் நேரத்தில் கை சொல்லைத் தட்டி முடித்துவிடும். அதிகம் எழுதும் சொல் மேலே இருக்கட்டும். அந்த வரிசை நாளுக்கு நாள் மாறாமல் இருக்கட்டும். நேற்று முதலில் இருந்தது இன்று மூன்றாவதாக இருந்தால் டேப் விசையை நம்ப முடியாது. எண்ணிக்கை சமமாக வந்தால் அகர வரிசை, ஆனால் யூனிகோடு வரிசையை அகர வரிசை என்று எண்ணிவிடாதீர்கள். அதில் னகரம் பகரத்துக்கு முன்னால் நிற்கும். ஜாவாஸ்கிரிப்டில் தமிழுக்கென்று வரிசைப்படுத்தும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

பட்டியல் தட்டும் இடத்துக்குக் கீழே சரியாக நிற்க, எழுத்தின் எண்ணிக்கையை அகலத்தால் பெருக்கி இடம் கணக்கிட்டால் தமிழில் தவறும். "ர்" எவ்வளவு, "ணை" எவ்வளவு! திரையில் வரைந்த பின் அளந்துதான் இடம் பிடிக்க வேண்டும்.

விசை தட்டியதற்கும் பட்டியல் தெரிவதற்கும் இடையே 0.1 விநாடிக்குள் இருந்தால் உடனே வந்ததாகத் தோன்றும் என்பது இடைமுக வடிவமைப்பில் நெடுநாளாகச் சொல்லப்படும் அளவு. 9,000 சொல்லை வரிசைப்படுத்தி வைத்து இரும முறையில் தேடினால் பழைய கணினியிலும் அதற்கு வெகு முன்பே விடை வந்துவிடும். சிக்கலான மர அமைப்பெல்லாம் இந்த அளவுக்குத் தேவையில்லை.

7. எடிட்டரில் பொருத்துதல்

விஎஸ் கோடில் முதலில் மூன்று அமைப்புகளை மாற்றுங்கள். "அக்செப்ட் சஜஷன் ஆன் எண்டர்" என்பதை "ஆஃப்" ஆக்குங்கள். வரும்போது அது "ஆன்" நிலையில்தான் இருக்கும். "குவிக் சஜஷன்ஸ் டிலே" 10 மில்லி விநாடியாக இருக்கும்; வேகமாகத் தட்டுபவருக்கு அது உறுத்தும், 150க்கு மாற்றுங்கள். "வேர்ட் பேஸ்டு சஜஷன்ஸ்" என்பதையும் நிறுத்துங்கள். திறந்திருக்கும் கோப்பிலிருந்தே அது சொல் எடுப்பதால், ஒருமுறை தட்டிய பிழையை மறுபடி மறுபடி பரிந்துரைக்கும். மார்க்டவுன் கோப்பில் பட்டியலே வரவில்லை என்றால் பதறாதீர்கள். அந்த வகைக் கோப்புக்கு அது இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

உங்கள் சொற்பட்டியலுக்கு ஒரு சிறு எக்ஸ்டென்ஷன் எழுத வேண்டும். நீங்கள் கொடுத்த சொற்களை விஎஸ் கோடு தன் சல்லடையில் மறுபடி சலிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். புள்ளியை நீக்கி நீங்கள் பொருத்தியதை அது வெளியே தள்ளக்கூடும். ஒவ்வொரு பரிந்துரைக்கும் "ஃபில்டர் டெக்ஸ்ட்" என்ற இடத்தில் தட்டிய எழுத்தையே கொடுத்து, பட்டியலை "முழுமையற்றது" என்று குறித்துவிடுங்கள். ஒவ்வொரு விசைக்கும் உங்கள் நிரலையே திரும்பக் கேட்கும்.

விம் பயன்படுத்துபவர்கள் "கம்ப்ளீட்ஆப்ட்" அமைப்பில் "மெனுஒன்", "நோசெலக்ட்" இரண்டையும் சேருங்கள். வரிக்கு ஒரு சொல்லாக உள்ள கோப்பை "டிக்ஷனரி" அமைப்பில் கொடுத்தால், கன்ட்ரோல் எக்ஸ், கன்ட்ரோல் கே தட்டியதும் அதிலிருந்து எடுக்கும். அஞ்சல்காரருக்குப் புள்ளி விதி வேண்டியிருப்பதால் "கம்ப்ளீட்ஃபங்க்" எழுத வேண்டும். சொல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று அதில் பைட் கணக்கில் சொல்ல வேண்டும். எழுத்துக் கணக்கில் சொன்னால் வரியின் முன்பகுதி சிதையும். ஈமாக்ஸில் மெட்டாவோடு (ஆல்ட் விசை) சாய்கோடு தட்டினால் பட்டியலே இல்லாமல் கோப்பில் உள்ள சொல்லால் நிரப்பும். பட்டியல் பிடிக்காதவர்களுக்கு அது நல்ல வழி.

8. ஒரு வாரம் பழகிப் பாருங்கள்

நீங்கள் சோதிப்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். நாள் முழுக்கத் தட்டுகிறவரிடம் கொடுங்கள். எத்தனை விசை மிச்சம் என்று எண்ணுவதைவிட, ஏற்ற சொல்லை அவர் எத்தனை முறை அழித்தார் என்று எண்ணுங்கள். அக்கா முதல் நாள் 31 முறை அழித்தார், ஆறாம் நாள் 4 முறை. இடையில் நாங்கள் மாற்றியது 5ஆம் படியில் சொன்ன விசைகளை மட்டும்தான். பட்டியலில் ஒரு சொல்லும் மாறவில்லை.

அஞ்சல், தமிழ்99 இரண்டிலும் தட்டுபவர் முறைக்கு ஒருவராவது வேண்டும். ஒருவரை மட்டும் வைத்துச் சோதித்தால் புள்ளிச் சிக்கல் கண்ணில் படாது.

புதுச் சொற்களை நிரல் தானாகப் பட்டியலில் ஏற்ற விடாதீர்கள். பட்டியலில் இல்லாத சொல் ஐந்து முறை தட்டப்பட்டால் தனிக் கோப்பு ஒன்றில் மட்டும் அது போய் நிற்கும்படி வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை கடை மூடுமுன் அக்காவும் நானும் அந்தக் கோப்பைத் திறந்து, பிழைகளையும் ஆள் பெயர்களையும் நீக்கிவிட்டு மீதியைச் சேர்க்கிறோம். பத்து நிமிட வேலை.